பார்க்கப் போனால் அழுகிறான், போகாமல் இருந்துவிடலாமா?

கேள்வி: எங்கள் மூத்த மகனுக்கு 12 வயது. ஐந்து மாதங்களுக்கு முன்பு அவனை விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். வீட்டிலிருந்து காரில் ஆறு மணி நேரப் பயணம். கடந்த மாதம் ஒரு சனி, ஞாயிறில் நான், கணவர், எட்டு வயது மகள், மாமியார் ஆகிய நால்வரும் முதல்முறையாக அவனைப் பார்க்கப் போனோம். ஓடி வந்து கட்டிக்கொள்வான் என்று நினைத்திருந்தேன். அவனோ வாசலில் நின்று "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு, முதல் ஒரு மணி நேரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு நாளும் நிறைய இடங்களுக்கு அழைத்துப் போனோம். அண்ணனுக்கும் தங்கைக்கும் காரிலேயே சண்டை. ஞாயிறு மாலை திரும்பக் கொண்டுபோய் விட்டபோது, "என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று அழுதான், மாமியாரும் அழுதார். அதன்பின் இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று விடுதிக் காப்பாளர் தொலைபேசியில் சொன்னார். "நாம் போவதால்தான் அவன் கலங்குகிறான், விடுமுறை வரை போக வேண்டாம், என்னை விடுதியில் யார் வந்து பார்த்தார்கள், நான் கெட்டா போய்விட்டேன்?" என்கிறார் என் கணவர். அடுத்த முறை போக வேண்டிய நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்வது? இன்னொன்று: சிறு வயதிலிருந்து வைத்திருந்த பழைய போர்வையைக் கேட்கிறான். கொடுத்தால் வீட்டு நினைப்பு கூடிவிடுமோ?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசலாம். இந்த ஒன்றில் மட்டும் உங்களைக் காத்திருக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. போகும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் கணவர் சொல்லும் காரணம் புதியதன்று. மருத்துவமனைகள் ஒரு காலத்தில் இதே காரணத்தைச் சொல்லித்தான் பெற்றோரை வாசலில் நிறுத்தின. 1950-கள் வரை இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில், உள்நோயாளியாக இருக்கும் குழந்தையைப் பார்க்கப் பெற்றோருக்கு வாரத்தில் ஓரிரு மணி நேரமே அனுமதி. "நீங்கள் வராதபோது குழந்தை அமைதியாக இருக்கிறது, வந்துபோனால்தான் அழுகிறது" என்பது அங்கிருந்தவர்களின் அனுபவம். அவர்கள் கண்டது பொய்யும் இல்லை. குழந்தை மனநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த வார்டுகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தபோது, அந்த அமைதிக்கு வேறு பொருள் இருப்பது தெரிந்தது. பிரிக்கப்பட்ட குழந்தை முதலில் எதிர்த்து அழுகிறது, பிறகு நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது, அதன்பின் பெற்றோரே தேவையில்லை என்பதுபோல் நடந்துகொள்கிறது. இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் 'குழந்தை பழகிவிட்டது' என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட்சன் 1952-இல் இதைப் படமாக எடுத்துக் காட்டினார். 1959-இல் பிரிட்டிஷ் அரசுக்கு அளிக்கப்பட்ட பிளாட் அறிக்கை, பெற்றோரை நேரக் கட்டுப்பாடின்றி அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்தக் குழந்தைகள் மிகச் சிறியவர்கள், உங்கள் மகனுக்கு 12 வயது; நாள்காட்டி பார்க்கத் தெரிந்தவன், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று புரிந்துகொள்ளக் கூடியவன். ஆகவே அந்த வார்டையும் அவனது விடுதியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனால் தவறாகக் கணக்கிடும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: அழுகையைப் பார்த்து வருகை கெடுதல் என்றும், அழாத நாள்களைப் பார்த்து எல்லாம் நலம் என்றும் முடிவு செய்கிறோம்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். இளம் வயதில் ஒரு விடுதிப் பள்ளியில் ஆலோசகராக இருந்தபோது, சேர்க்கைக்குப் பின் முதல் ஆறு வாரம் பெற்றோர் வர வேண்டாம் என்று எழுதிய கடிதங்களில் என் கையெழுத்தும் உண்டு. ஒரு சிறுவன் அந்த ஆறு வாரமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை; நன்றாகப் பொருந்திவிட்டான் என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஏழாம் வாரம் அவனுடைய தாய் வந்தார். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது "நன்றி" என்றான், பையைக் கொடுத்தபோது "நன்றி" என்றான், தலையைத் தடவியபோதும் "நன்றி" என்றான். ஆசிரியர்களிடம் அவன் பேசும் அதே குரல். என்னைக் கடந்து போகும்போது அந்தத் தாய் பார்த்த பார்வைக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. உங்கள் மகன் அழுதான் என்று படித்தபோது எனக்கு வருத்தம் இருந்தது, அதைவிட ஆறுதல் கூடுதலாக இருந்தது.

முதல் ஒரு மணி நேர மௌனத்தைக் கோபம் என்றோ விலகல் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரியும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதைக் காட்டிலும், மீண்டும் சேரும்போது என்ன செய்கிறது என்பதே அதிகம் சொல்லும் என்று உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் ஒரு வயதுக் குழந்தைகளிடம் கண்டறிந்தார். பன்னிரண்டு வயதில் சேர்வது இன்னும் சிக்கலானது. விடுதியில் அவன் ஐந்து மாதமாக வேறொரு பையனாக வாழ்ந்திருக்கிறான். அங்கே அழக் கூடாது, அம்மாவைத் தேடக் கூடாது, எதற்கும் முகத்தில் அசைவு காட்டக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரியும். நீங்கள் வந்து நிற்கும் வாசலில் அவனுடைய தோழர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். அந்தப் பையனைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் மகனாக மாறுவதற்கு ஒரு மணி நேரம் ஆவது அதிகமே இல்லை. எனவே வாசலில் கட்டிப்பிடிக்க முந்தாதீர்கள். தோளில் ஒரு கை போதும். "சாப்பாடு எப்படி, நண்பர்கள் யார், மதிப்பெண் என்ன" என்ற விசாரணையையும் தள்ளி வையுங்கள். எதிரே உட்கார்ந்து கேட்டால் பதில் வராத வயது இது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்தால், கேட்காமலே வரும்.

அவன் உங்களுக்கு இடம் காட்டட்டும். இதுவே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. சென்ற முறை நீங்கள் அவனை விருந்தாளியாக்கி, இரண்டு நாளும் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறீர்கள். இந்த முறை அவனே வீட்டுக்காரனாக இருக்கட்டும், நீங்கள் விருந்தாளிகளாகப் போங்கள். என்னிடம் வந்த ஒரு தந்தை இப்படிச் செய்து பார்த்தார். அவருடைய மகன் அவரைக் குளியலறை வரிசைக்கு அழைத்துப் போய், எந்தக் குழாயில் காலையில் தண்ணீர் முதலில் வரும், எந்தக் குழாயை இரண்டு சுற்றுத் திருகிவிட்டு ஒரு சுற்றுப் பின்னால் திருப்ப வேண்டும், ஐந்து நிமிடம் பிந்தினால் யாருக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் இருபது நிமிடம் விளக்கினானாம். பிறகு கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியால் அலமாரியைத் திறந்து, துண்டு மடித்து வைக்கும் முறையைக் காட்டியிருக்கிறான். அவர் ஒரு அறிவுரையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றுலாத் தலம் எதற்கும் அவர்கள் போகவில்லை. அன்று மாலை அந்தப் பையன், பேச்சோடு பேச்சாக, இரவில் விளக்கு அணைந்தபின் வரும் பயத்தைப் பற்றித் தானாகவே சொன்னான். விடுதிக்குள் பெற்றோரை எந்த இடம் வரை அனுமதிப்பார்கள் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். முன்கூட்டியே கேட்டு, அவன் அறையைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, யார் யார் போவது என்பது. ஒவ்வொரு முறையும் குடும்பமே திரண்டு போக வேண்டும் என்பதில்லை. நால்வரைக் கண்டால் அவன் நால்வருக்கும் பங்கு வைக்க வேண்டும். அது ஒரு பையனுக்குப் பெரிய வேலை. இந்த முறை சனிக்கிழமை முற்பகலை ஒருவருக்கு, முடிந்தால் தந்தைக்கு, என ஒதுக்குங்கள். மற்றவர்கள் தங்குமிடத்தில் இருந்துவிட்டு மதியம் சேர்ந்துகொள்ளலாம். உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனினும் என்னால் ஊகிக்க முடிகிறது: பேரனின் புஜத்தைப் பிடித்துப் பார்த்து "இளைச்சுப் போயிட்டியேடா" என்றிருப்பார். அன்பினால் வரும் சொல்தான். ஆனால் அதைக் கேட்கும் பையனுக்கு, தான் இங்கே நன்றாக இருந்தால் பாட்டிக்குத் துரோகம் செய்வதாக ஓர் உணர்வு வந்துவிடும். அவரை வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பேரனிடம் கேட்பதற்கு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். விடுதியில் அவன் கற்றுக்கொண்ட ஏதாவது விளையாட்டைத் தனக்குச் சொல்லித் தரும்படி அவர் கேட்கட்டும்.

மகளின் சண்டை பெற்றோர் கவனத்தில் பொதுவாகத் தப்பிப்போகிறது. அண்ணன் போனதில் அவளுக்கும் ஓர் இழப்பு இருக்கிறது. ஐந்து மாதமாக வீட்டில் அவனைப் பற்றியே பேச்சு, அவள் அருகிலேயே இருப்பதால் யாரும் அவளைப் பார்ப்பதில்லை. ஆறு மணி நேரம் காரில் அடைந்து கிடந்துவிட்டு, இறங்கியதும் இன்முகம் காட்டு என்றால் எட்டு வயதுக்குக் கட்டுப்படியாகுமா? வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஓடவிடுங்கள். குமட்டல் வரும் பிள்ளையாக இருந்தால், காரில் படிப்பதையும் கைப்பேசி பார்ப்பதையும் தவிர்த்து வெளியே தொலைவைப் பார்க்கச் சொல்லுங்கள். 2 முதல் 12 வயதுவரை இந்தத் தொல்லை அதிகம். போய்ச் சேர்ந்தபின் அண்ணனும் தங்கையும் பெரியவர்கள் யாரும் நடுவில் புகாமல் ஒரு மணி நேரம் தனியாக இருக்கட்டும். சண்டையும் போட்டுக்கொள்ளட்டும், வீட்டில் இருந்ததுபோல் ஒன்று நடக்கிறது என்பதில் இருவருக்குமே ஒரு நிம்மதி உண்டு.

சனிக்கிழமை இரவு உங்களுடன் வெளியே தங்க விடுதியின் அனுமதி (அவுட்பாஸ்) கிடைத்தால், ஞாயிறு காலை அவனை எழுப்பாதீர்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. காலை மணி அடிக்கும் விடுதியில் அது கிடைப்பது அரிது. ஆறு மணி நேரம் பயணம் செய்து வந்ததே பிள்ளை தூங்குவதைப் பார்க்கத்தானா என்று உங்கள் கணவர் கேட்கக் கூடும். ஆம் என்று சொல்லுங்கள்.

இனி, "கூட்டிட்டுப் போயிடுங்க" என்ற சொல்லுக்கு வருகிறேன். அது மீண்டும் வரும். வீட்டு ஏக்கத்தைத் தடுப்பது பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் இதழ் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி அறிக்கை, "பிடிக்காவிட்டால் வந்து அழைத்துக்கொள்கிறேன்" என்ற பேரத்தைப் பெற்றோர் பேசவே கூடாது என்கிறது. என் அனுபவமும் அதுவே. அந்த வாக்குறுதியைப் பெற்ற பிள்ளை, அங்கே பிடித்துப்போகும் ஒவ்வொன்றையும் தள்ளி வைக்கத் தொடங்குகிறது, ஏனென்றால் பிடித்துவிட்டால் வீடு கிடைக்காது. அதற்காக, "இதற்கெல்லாம் அழலாமா" என்று வாயை அடைத்துவிடவும் கூடாது. "உனக்கு வரணும்னு இருக்கு, எனக்கும் உன்னை விட்டுட்டுப் போக மனசில்லை. நாம அடுத்து பார்க்கப் போற தேதி இது" என்று சொல்லுங்கள். அந்தத் தேதியைச் சிறிய நாள்காட்டி ஒன்றில் அவன் கையாலேயே வட்டமிடச் செய்யுங்கள். சொன்ன தேதி மாறக் கூடாது. மாற வாய்ப்பிருந்தால் தேதியைச் சொல்லாதீர்கள்.

தேதியில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், 1688-இல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாக முதன்முதலில் விவரித்து எழுதிய ஆய்வேட்டில், பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்து படுத்த படுக்கையாகிவிட்ட ஓர் இளைஞரைப் பற்றிய குறிப்பு உண்டு. ஊருக்கு அனுப்புவதே மருந்து என்று முடிவு செய்து கிளப்பினார்கள். அவர் ஊர்போய்ச் சேரும் முன்பே, வழியிலேயே தேறிவிட்டார். ஆகவே மகனை அழைத்து வந்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவரைத் தேற்றியது வீடு அன்று, ஏனெனில் வீட்டை அவர் இன்னும் அடையவில்லை. வீடு நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்ததுதான் தேற்றியது என்று நான் படித்துக்கொள்கிறேன்.

இத்தனையும் சாதாரண வீட்டு ஏக்கத்துக்குப் பொருந்தும். வேறு ஏதேனும் நடந்து, அது வீட்டு ஏக்கம் என்ற பெயரில் மறைந்திருக்கிறதா என்பதையும் நீங்கள் பார்த்தாக வேண்டும். இதில் நாசூக்கு வேண்டாம். சாதாரண ஏக்கம் மாலையிலும் இரவிலும் கூடி, விளையாட்டிலும் வகுப்பிலும் மறையும். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு, அல்லது ஒரு குறிப்பிட்ட இடம், நேரத்தை நினைத்துப் பயந்தால் அது ஏக்கம் அன்று. பொருள்கள் அடிக்கடி தொலைவது, விளக்கம் இல்லாத காயம், நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் வருவது, வாரக்கணக்கில் உணவும் தூக்கமும் குறைவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய பேச்சு ஆகியவற்றில் எது இருந்தாலும் அடுத்த வருகைக்குக் காத்திராதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சோ, யாரேனும் அவனைத் தொட்டோ அடித்தோ துன்புறுத்தியதற்கான அடையாளமோ இருந்தால் அன்றே அவன் பக்கத்தில் இருங்கள். நான் மேலே சொன்ன பேரம் பேசாத விதி அங்கே செல்லாது. தங்கையும் பாட்டியும் இல்லாத நேரத்தில், "ஒரு நாளில் உனக்குப் பிடிக்காத நேரம் எது? அப்போ பக்கத்துல யார் இருப்பாங்க?" என்று கேளுங்கள். "யாராவது தொந்தரவு செய்றாங்களா" என்று நேராகக் கேட்டால் "இல்லை" என்ற பதிலே பெரும்பாலும் வரும்.

விடுதிக் காப்பாளரிடமும் பேசுங்கள். 'இரண்டு நாள் சாப்பிடவில்லை' என்பது பொத்தாம்பொதுவான சொல். எந்த வேளை, எவ்வளவு குறைந்தது, மூன்றாம் நாள் விளையாடப் போனானா, இரவில் தூங்கினானா என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாம் நாள் மைதானத்தில் இருந்தான் என்றால், ஒரு பிரிவுக்குப் பின் ஒரு பையன் துக்கப்பட்டுத் தேறியிருக்கிறான், அவ்வளவே.

விடைபெறும் நேரத்துக்கு நீங்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும், ஏனெனில் சென்ற முறை உங்களை அடித்துச் சாய்த்தது அந்தக் கடைசி அரைமணி நேரம்தான். உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே எனக்கு நினைவு வருகிறது. 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்துக்குப் பின், நீரைச் சற்றே 15 டிகிரிக்கு உயர்த்தி மேலும் 30 விநாடி வைக்கச் சொன்னார்கள். எதை மீண்டும் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் தேர்ந்தது நீண்டதை. முடிவு கொஞ்சம் இதமாக இருந்தால் முழுவதும் அப்படியே நினைவில் தங்குகிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் அந்த ஒரு டிகிரி தேவை. கதவு மூடும் கடைசி நிமிடம் வரை அவனை வெளியே வைத்திருந்து, ஓட்டமும் பதற்றமுமாகக் கொண்டு இறக்காதீர்கள். ஒன்றரை மணி நேரம் முன்பே விடுதிக்குத் திரும்பி, அவனோடு சேர்ந்து துணிகளை அடுக்குங்கள், கட்டில் விரிப்பை மாற்றுங்கள், கொண்டுவந்த தின்பண்டத்தை அறைத்தோழர்களுக்கும் பங்கிட விடுங்கள் (எது அனுமதி, எது இல்லை என்று கேட்டுக்கொண்டு). விளையாட்டோ இரவு உணவோ தொடங்கும் நேரத்தில் கிளம்புங்கள். நீங்கள் அவனை விட்டுப் போவதாக இல்லாமல், அவன் தன் வேலைக்குப் போவதாக இருக்கட்டும். சொல்லாமல் நழுவுவது மட்டும் கூடாது. கண் கலங்கினால் கலங்கட்டும், மறைக்க வேண்டாம். உங்களைத் தேற்றும் பொறுப்பு மட்டும் அவன்மேல் விழக் கூடாது. மாமியாரை ஐந்து நிமிடம் முன்பாகவே காருக்கு அழைத்துப் போக மகளிடம் சொல்லிவையுங்கள். அது அவளுக்கும் ஒரு பொறுப்பு.

உங்கள் கணவருக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. விடுதியில் பெற்றோர் வரும் ஞாயிறுகளில், தனக்கு யாரும் வராதபோது, அவர் எங்கே இருப்பார், என்ன செய்துகொண்டிருப்பார் என்று மட்டும் ஒரு நாள் அவரிடம் கேளுங்கள். வாதத்துக்காகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். யாரும் வராத பையன் ஒருவன் உங்கள் மகனின் அறையிலும் இருக்கலாம். மகனுக்கு விருப்பம் என்றால், பள்ளியும் இசைந்தால், அவனையும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். மகனைக் கேட்காமல் அழைக்காதீர்கள். உங்களைப் பங்குபோட அவனுக்கு அன்று மனம் இல்லாமல் இருக்கலாம், அதுவும் நியாயமே.

போர்வையைக் கொண்டு போங்கள். அவன் கேட்டது நல்லது, கேட்கக் கூச்சப்படும் வயதில் கேட்டிருக்கிறான். துவைக்க வேண்டாம், அவன் கேட்பது துணியை அன்று, அதிலுள்ள வீட்டு வாசனையை. எல்லோர் முன்னிலும் நீட்டாதீர்கள். சிறியதாக மடித்து ஒரு தலையணை உறைக்குள் போட்டு, மேலே இரண்டு சட்டையை வைத்து, பையோடு கொடுத்துவிடுங்கள். எங்கே வைப்பது என்பது அவனுக்குத் தெரியும்.